அடிமை வாணிகமும் சென்னைக் கடல்வழக்கு மன்றமும்

அட்லாண்டிக் மாகடலில் நிகழ்ந்த அடிமை வாணிகத்தால் எழுந்த வழக்குகளை ஐரோப்பியச் சட்ட வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதே நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்கள் விலைப்பொருளாகக் கலமேற்றப்பட்டனர். அட்லாண்டிக் வாணிகத்தை ஒழுங்கு செய்த சட்டக் கருத்துகளும் சென்னைக்கு வந்து சேர்ந்தன. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின், அக்காலக் கடற்சட்டம் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பது புலனாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்துக்கு அடிமை முறை புதிதன்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துத் திருப்பாம்புரக் கல்வெட்டு, 1201-ஆம் ஆண்டில் பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்ற செய்தியைக் கூறுகின்றது. அம்முறையின் கொடுமையை மறைத்தல் ஆகாது. ஆயினும், அங்ஙனம் விற்கப்பட்டோர் தம் மொழி வழங்கும் நிலத்தில், சுற்றத்தாரின் கண்ணெதிரே வாழ்ந்தனர். கடல் கடந்து செலுத்தப்பட்டோர்க்கு அதுவும் இல்லாதொழிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் பழவேற்காடு, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து அடிமைகளை இலங்கைக்கும் படேவியாவுக்கும் ஏற்றினர். தஞ்சை நாடு போராலும் பஞ்சத்தாலும் அலைப்புண்ட 1659–1661 ஆண்டுகளில் மட்டும் இக்கரையிலிருந்து சென்றோர் 8,000 முதல் 10,000 வரை இருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். பஞ்சம் வந்துழியெல்லாம் இவ்வாணிகம் பெருகிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இனி, சட்டத்தின் நிலையைக் காண்போம். 1672-இல் ஆங்கில அரசர் இரண்டாம் சார்லசு, ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைத் தனியுரிமையாக அரச ஆப்பிரிக்கக் கும்பினிக்கு வழங்கினார். அவ்வுரிமையை மீறி வாணிகம் செய்வோரின் கலங்களைப் பறிமுதல் செய்யும் வழக்குகளை விசாரிக்க, உரோமச் சட்டம் கற்றார் ஒருவரும் வணிகர் இருவரும் கொண்ட மன்றம் ஒன்றை ஆப்பிரிக்கக் கரையில் அமைக்கவும் அப்பட்டயம் இடந்தந்தது. 1677-இல் இலண்டனில் நடந்த பட்ஸ்–பென்னி வழக்கில், அடிமைகள் வணிகரிடையே சரக்காக விற்கப்படுவதாலும் கிறித்தவர் அல்லாமையாலும் அவர்கள்மீது உடைமையுரிமை கோரலாம் என்னும் கருத்தை நீதிபதிகள் கொண்டனர்.

1683-இல் அதே அரசர் கிழக்கிந்தியக் கும்பினிக்கு அளித்த பட்டயமும் அதே அமைப்புடைய கடல்வழக்கு மன்றத்துக்கு வழிவகுத்தது: சட்டம் கற்றார் ஒருவர், வணிகர் இருவர். கும்பினியின் தனியுரிமையை மீறிய சாண்டிஸ் என்பார்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், கிறித்தவர் அல்லாத நாட்டினருடன் வாணிகம் செய்வதை இசையவும் தடுக்கவும் அரசர்க்கு அதிகாரம் உண்டு என்ற வாதம் கும்பினியின் பொருட்டு எடுத்துரைக்கப்பட்டது. 1685-இல் தீர்ப்பும் கும்பினிக்குச் சார்பாயிற்று. கினிக் கரைக்கும் சோழமண்டலக் கரைக்கும் ஒரே அச்சில் வார்த்த மன்றங்கள் வகுக்கப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இம்மன்றம் 1686-இல் தொடங்கிற்று. அதன் நீதிபதியாக அனுப்பப்பட்ட சர் ஜான் பிக்ஸ் 1687 சூலையில் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு நாட்டில் கடும்பஞ்சம் நிலவிற்று. செப்டம்பரில் ஆளுநர் எலிகு யேல் தலைமையிலான ஆட்சிக்குழு, பஞ்சத்தால் ஏழை மக்கள் மலிவாகக் கிடைப்பதையும் அடிமை ஏற்றுமதி பெருகுவதையும் கண்டு, ஏற்றப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் விதித்தது. கடல்வழக்கு மன்றம் அமைந்த நகரிலேயே மனிதர்க்குச் சுங்கம் தண்டப்பட்டது. இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக எவரும் கருதியதாகத் தெரியவில்லை. கலத்தின் உரிமை யாருடையது, சரக்குக்குரிய வரி செலுத்தப்பட்டதா என்னும் இரண்டே வினாக்களுக்கு அச்சட்டம் விடை தேடியது.

ஆயின், இவ்வாணிகம் எட்டுத் திங்களுக்குள் தடைப்பட்டது. 1688 மே மாதத்தில் அதே ஆட்சிக்குழு, சென்னையிலும் அண்டைத் துறைகளிலும் அடிமைகளை வாங்குதலையும் ஏற்றுதலையும் விலக்கி, மீறுவோர்க்கு அடிமை ஒருவருக்கு 50 வராகன் தண்டம் விதித்தது. ஆணை கூறும் காரணங்கள் கருதத்தக்கன. தம் பிள்ளைகளும் ஏவலரும் திருடப்பட்டதாக நாட்டினர் முறையிட, அம்முறையீடு நாட்டு அரசின் வழியே கோட்டையை எட்டிற்று. 1687-இல் கோல்கொண்டாவை வென்று இப்பகுதிக்கு மேலாண்மை பெற்ற முகலாய அரசோ இவ்வாணிகத்தை வெறுத்தது. கும்பினிக்கு இதனால் வந்த ஊதியமும் சிறிதே.

இதனை மனிதநேய ஆணை எனக் கொள்வார் உளராயின், எட்டுத் திங்களுக்கு முன் சுங்கம் விதித்தோரே இதனையும் இட்டனர் என்பதை எண்ணுதல் வேண்டும். மனம் மாறியதாக ஆணையில் யாதொரு சொல்லும் இல்லை; அரசியற் சூழ்நிலை மாறியமையே அதில் காணப்படுகின்றது. தடை பிறந்ததும் நீதிமன்றத்தில் அன்று. மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் முதலிய துறைகளைச் சூழ்ந்த நாட்டில் எழுந்த முறையீட்டினாலும் நில அரசின்மீது கொண்ட அச்சத்தினாலும் அது பிறந்தது.

அட்லாண்டிக்கின் நிலையோடு இதனை ஒப்பிடுக. 1689-இல் நைட்டிங்கேல்–பிரிட்ஜஸ் வழக்கில், பட்டயத்தின் வலிமையால் மட்டும் வணிகரின் கலத்தைப் பறிமுதல் செய்தல் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. அதனால் வணிகர் உரிமை பெற்றனரேயன்றி அடிமைகள் பெற்றிலர். 1781-இல் சாங் என்னும் கலத்திலிருந்து நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட அடிமைகள் கடலில் எறியப்பட்டனர்; 1783-இல் நீதிமன்றம் ஏறிய அந்நிகழ்ச்சி, கொலை வழக்காக அன்றிக் காப்பீட்டு வழக்காகவே ஆராயப்பட்டது. ஆங்கிலப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தை விலக்கியது 1807-இல். இந்தியாவில் அடிமையுடைமைக்குச் சட்டத்தின் துணை நீங்கியது 1843-இல்.

ஆகவே, இவ்வாணிகத்தின் வரலாற்றைக் கடல்வழக்குகளின் தீர்ப்புகளில் மட்டும் தேடுவோர்க்கு உடையவரின் குரலே கேட்கும். இழந்தோரின் குரல், பிள்ளைகளைத் தேடிச் சென்று நாட்டு அதிகாரிகளிடம் முறையிட்ட பெற்றோரின் குரல், 1688-ஆம் ஆண்டு ஆணையில் ஒரு காரணமாக மட்டும் பதிவாகியுள்ளது. அந்த ஆணை அவர்களைப் பெயரிட்டுச் சுட்டவில்லை. எனினும், சட்டம் கற்ற நீதிபதி ஒருவர் வீற்றிருந்த நகரில், ஒரு காலத்துக்கேனும் அவ்வாணிகத்தைத் தடுத்த வழக்காளர் அவர்களே எனக் கொள்ளுதல் பொருந்தும்.