டகோட்டா விமானிகள்: சரக்கிலிருந்து பயணியர் விமானத்துக்கு

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் செல்வோர் ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையத்தைக் கடந்துவிடுவார்கள். அந்தச் சாலையில் போகும்போது விமானம் ஓட்டும் ஆசை வராத பிள்ளைகள் குறைவு. ஆனால் அந்த இருக்கையை அடையும் வழி எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் அது தபால் மூட்டைகளின் வழியாகவே சென்றது.

இந்தியாவின் முறையான விமான சேவை பயணியருக்காகத் தொடங்கப்பட்டது அன்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறிய புஸ் மாத் விமானத்தில் தபால் மட்டுமே இருந்தது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ட்சென்ட். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனம் தபாலைச் சுமந்துதான் பிழைத்தது. 1938-இல் இந்தத் தபால் வழி கொழும்பு வரை நீண்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இரண்டு பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. ஒன்று போரில் பயன்பட்ட டகோட்டா விமானங்கள். மற்றொன்று அவற்றை ஓட்டத் தெரிந்த விமானிகள். இரட்டை எஞ்சின் கொண்ட டகோட்டா சுமார் மூன்று டன் சுமக்கும், சுமாரான ஓடுபாதையிலும் இறங்கும். இருக்கைகளைக் கழற்றினால் சரக்கு விமானம், மாட்டினால் பயணியர் விமானம். எனவே அன்றைய விமானிக்குச் சரக்கு, பயணியர் என்று இரண்டு தொழில்கள் இல்லை. ஒரே ஆள், ஒரே விமானம். 1947 அக்டோபர் 27 முதல் டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் படையினரையும் பொருள்களையும் கொண்டுசென்றவற்றில் தனியார் நிறுவனங்களின் டகோட்டாக்களும் இருந்தன.

இந்த வாய்ப்பைக் கண்டு இறங்கியவர்களுள் ஒருவர் புதுக்கோட்டை எல்லையை அடுத்த கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் (1909–1957). லண்டனில் சட்டம் படிக்கச் சென்றவர், குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றார். வட்டித் தொழிலும் பர்மா வணிகமும் செட்டிநாட்டின் அடையாளமாக இருந்த காலத்தில் இது வேறுபட்ட துணிச்சல்தான். அவர் தொடங்கிய ஜுப்பிட்டர் ஏர்வேஸ் டகோட்டாக்களைக் கொண்டு சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், நாக்பூர் வழியாக டெல்லிக்குச் சேவை நடத்தியது. ஆனால் அளவுக்கு மீறிய நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டிருந்தது. பயணியர் போதவில்லை. ஜுப்பிட்டர் 1949-இல் மூடப்பட்டது. காரைக்குடியில் அவர் எழுப்பிய கல்வி நிலையங்கள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. விமான நிறுவனம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

அதே 1949-இல்தான் விமானிகளுக்கு மிகக் கடினமான பள்ளிக்கூடம் ஒன்று திறந்தது. ஜனவரி 30 அன்று இரவுத் தபால் விமான சேவை தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட டகோட்டாக்கள் நள்ளிரவுக்குப் பின் நாக்பூரில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றும் விடியும்முன் தன் ஊருக்குத் திரும்பும். சென்னையில் மாலையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் கிடைத்தது. தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் ஏர்லைன்ஸ் விரைவில் நொடித்துப்போக, ஹிமாலயன் ஏவியேஷன் அதைத் தொடர்ந்தது. பருவமழையிலும், இன்றைய கருவிகள் எதுவும் இல்லாமலும், ஒவ்வோர் இரவும் இப்படிப் பறந்தார்கள். 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரில் புறப்பட்ட இரவுத் தபால் விமானம் ஒன்று விழுந்ததில் 13 பேர் இறந்தனர். விமானி மட்டுமே தப்பினார். இரவு, மழை, எஞ்சின் கோளாறு ஆகிய மூன்றையும் பார்த்தவர்கள் என்ற மதிப்பு தபால் விமானிகளுக்கு இந்த விலையில்தான் கிடைத்தது.

பெரிய நிறுவனத்துக்குள் அவர்கள் நுழைந்த வாசல் ஒரு சட்டப் பிரிவு. 1953-ஆம் ஆண்டு விமானக் கழகங்கள் சட்டத்தின்படி எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் இணைக்கப்பட்டு, ஆகஸ்ட் 1 அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. தொடக்கத்தில் அதனிடம் இருந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். 1952 ஜூலை 1-க்கு முன் அந்த நிறுவனங்களில் சேர்ந்து, இணைப்பின்போதும் பணியில் இருந்தவர்கள் தாமாகவே கழகத்தின் ஊழியர் ஆவர் என்றது சட்டம். ஹிமாலயன் ஏவியேஷனின் தபால் விமானியும், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் விமானியும் ஒரே நாளில் அரசு நிறுவன விமானிகளாயினர். 1949-இலேயே மூடப்பட்ட ஜுப்பிட்டரில் பணிசெய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, இடையில் அந்த எட்டில் ஒன்றில் சேர்ந்திருந்தால் ஒழிய. திறமையை விட, எந்த முதலாளியிடம் எந்தத் தேதியில் சம்பளம் வாங்கினார் என்பதே ஒருவருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது. இது நியாயமா என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு வந்தவர்களுக்கு வழி குறுகியது. துர்பா பானர்ஜி 1959-இல் ஏர் சர்வே நிறுவனத்தில் டகோட்டா ஓட்டத் தொடங்கி, 1966-இல்தான் இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானி ஆனார். பயணியர் இல்லாத விமானத்தில் ஏழு ஆண்டுகள்.

1990-இல் சரக்கு விமானங்களுக்கு வான்வழி திறந்துவிடப்பட்டது. 1996-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு புளூ டார்ட் ஏவியேஷன் போயிங் 737 சரக்கு விமானங்களுடன் பறக்கத் தொடங்கியது. அதுவும் பெரும்பாலும் இரவில்தான். என்றாலும் டகோட்டா காலத்து ஏணி திரும்பி வரவில்லை. அமெரிக்காவில் புதிய விமானி சிறு சரக்கு விமானங்களில் மணிநேரம் சேர்த்து, பின்னர் பெரிய நிறுவனத்துக்குப் போவது பழக்கம். 2013 முதல் அங்கே பயணியர் விமானத்தின் இணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும். இந்தியாவில் 200 மணிநேர வணிக உரிமத்துடனும் அந்தந்த விமான வகைக்கான பயிற்சியுடனும் நேரே ஏர்பஸ் 320-இன் இணை விமானி இருக்கையில் அமரலாம். 1,500 மணிநேரம் முழு உரிமத்துக்குத்தான். ஆகவே இங்கே சரக்கு விமானம் படிக்கட்டு அன்று, பக்கத்து வாசல்.

அந்த வாசலிலிருந்து மாறுவதும் எளிதன்று. மூட்டைகளோடு பறந்த மணிநேரமும் பயணியரோடு பறந்த மணிநேரமும் உரிமத்துக்குச் சமமே. ஆனால் போயிங் 757 சரக்கு விமானம் ஓட்டியவர், அந்த வகை எந்த இந்தியப் பயணியர் நிறுவனத்திலும் இல்லாததால், புதிய வகைப் பயிற்சியை முதலிலிருந்து பெற வேண்டும். 737 ஓட்டியவருக்கு இந்தத் தொல்லை குறைவு. புதிய நிறுவனத்தில் பணிமூப்பு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியும் வரும். போதாக்குறைக்கு, 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விலகல் அறிவிப்புக் காலத்தைத் தலைமை விமானிக்கு ஓராண்டாகவும் இணை விமானிக்கு ஆறு மாதமாகவும் ஆக்கியது.