கல்லச்சில் ஒரு தாய்

பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறி நகர மண்டப நிலையத்தில் இறங்கினால், சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் நடக்கும் தூரந்தான். அதன் தொகுப்பில் லிம் யூ குவான் 1966இல் செதுக்கிய மர அச்சுப்படம் ஒன்று உண்டு. 1961இல் சுமார் 16,000 பேரை வீடற்றவராக்கிய புக்கிட் ஹோ சுவீ தீயைப் பற்றியது அது.

ஏழை எளியவரை இவ்வாறு அச்சில் காட்டும் கலை இங்கே சீனத்தின் வழியாக வந்தது. அங்கே எழுத்தாளர் லூ சுன், கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணியின் படங்களை 1936இல் தொகுத்து வெளியிட்டார்.

கோல்விட்ஸ் பெர்லினில் தொழிலாளர் நடுவே வாழ்ந்தவர். கணவர் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். மகன் 1914இல் போர்முனையில் மாண்டான். அவர் பெரிதும் கையாண்டது கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மைக்கட்டியால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டுவார்கள். ஈரம் மையை ஒதுக்கும், கொழுப்பு பற்றிக்கொள்ளும். நம் தமிழ் நூல்களும் 19ஆம் நூற்றாண்டில் இம்முறையில் அச்சேறியதுண்டு.

1924இல் அவர் வரைந்தது 'ரொட்டி'. இரு பிள்ளைகள் தாயைப் பற்றி இழுக்கின்றன. அவளோ முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறாள். அவள் முகத்தை நாம் காண முடியாது. அரிசிப் பானை காலியான நாளில், பிள்ளைக்கு முகங்கொடுக்க மாட்டாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளும் தாயை நம் லயன்களிலும் கண்டிருக்கிறோம்.