தேக்காவிலிருந்து மண்டலே சாலைக்கு

முடி கொட்டத் தொடங்கினால் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்கள் பலரின் கால்கள் இன்றும் சிராங்கூன் சாலைக்குத்தான் போகின்றன. கரிசலாங்கண்ணித் தைலம், வெந்தயம், செம்பருத்திப் பொடி எல்லாம் அங்கே கிடைக்கும். புழுவெட்டுக்குப் பூசும் சின்ன வெங்காயம் தேக்கா சந்தையில்.

அந்த வைத்தியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட சிறிய ஆய்வில், வெங்காயச் சாறு பூசிய புழுவெட்டு நோயாளிகள் பெரும்பாலோருக்கு முடி மீண்டும் முளைத்தது. ஆனால் எல்லா முடி உதிர்வும் புழுவெட்டு அல்ல.

பிள்ளை பெற்ற சில மாதங்களில் கொத்துக்கொத்தாக உதிர்வது வேறு. கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி, பிறகு மொத்தமாக ஓய்வுநிலைக்குப் போய் விழுகிறது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் சரியாகிவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, கடும் காய்ச்சல் ஆகியவையும் காரணமாகலாம். இறுக்கிப் பின்னுவதும் நெற்றியோர முடியைத் தின்னும். கிரீன்லாந்துப் பெண்களிடம் இதை மருத்துவம் 1907இலேயே பதிவுசெய்தது.

உச்சி வகிடு மெல்ல அகலும் பரம்பரை உதிர்வை ஜெர்மானியர் லுட்விக் 1977இல் மூன்று படிகளாக வகுத்தார். ரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்த மினாக்ஸிடில், தலையில் பூசும் மருந்தாக அமெரிக்கப் பெண்களுக்கு 1991இல் அனுமதிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் தோல் நோயாளிகள் நெடுங்காலம் மிடில் ரோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பால்வினை நோய்க்கும் அதுவே இடம் என்பதால், அந்த வாசலை மிதிக்கப் பெண்கள் கூசியிருந்தால் வியப்பில்லை. 1988இல் அது மூடப்பட்டு, மண்டலே சாலையில் தேசியத் தோல் நிலையம் திறந்தது. தேக்காவிலிருந்து அது அதிகத் தொலைவில்லை.