தனியார் விமானிகளுக்கான வான்சாகசத் தொடக்கப் பயிற்சி (அமெரிக்கா)

தனியார் விமானி உரிமம் பெற்ற ஒருவர் விமானத்தை உருட்டவும், செங்குத்து வட்டமிடவும், வேண்டுமென்றே சுழன்று விழவைத்து மீட்கவும் பயிற்றுநர் ஒருவரிடம் கற்பதே வான்சாகசத் தொடக்கப் பயிற்சி. அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தகுதிச்சான்று எதுவும் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளோ குறைந்தது 5 மணி நேரப் பயிற்சியையும், உரிமத்தில் தனிப் பதிவையும் கேட்கின்றன. களிப்புக்காகச் சேர்பவர்கள் பலர், அதில் பிழையில்லை. ஆனால் இப்பயிற்சியின் பெரும்பயன், சாதாரண விமானியின் கையில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை மாற்றுவதில் இருக்கிறது. விமானத்தின் மூக்கு தாழ்ந்தால் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுப்பது என்பதே அந்தப் பழக்கம்.

இழுக்கும் கை

1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளிக்கு மேலே வில்ஃப்ரெட் பார்க் ஓட்டிய ஆவ்ரோ விமானம் சுழன்றபடி விழத் தொடங்கியது. அவர் கோலை இழுத்துப் பார்த்தார், பயனில்லை. கடைசி முயற்சியாகச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுக்கானை முழுமையாக மிதித்தார். தரைக்கு மிக அருகில் விமானம் நேரானது. நேரில் பார்த்த வல்லுநர்கள் அன்றே அவரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள் என்பதால், இம்மீட்பு விமானவியல் வரலாற்றில் நிலைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ருஷ்யப் படை விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் கீவ் நகரில் முதல் செங்குத்து வட்டமான லூப்பை நிகழ்த்தினார்.

ஸ்பின் எனப்படும் சுழல் வீழ்ச்சி, இறக்கைகள் ஏற்றுவிசையை இழக்கும் ஸ்டால் நிலையில் விமானம் ஒருபக்கம் திரும்பும்போது உண்டாகிறது. ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகிவிடுவதால் சுழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். இழுக்க இழுக்க ஸ்டால் நீடிக்கும். பல பயிற்சி விமானங்களுக்குப் பொருந்தும் மீட்பு வரிசை இது: எஞ்சின் விசையைக் குறை, இறக்கை விளிம்புகளில் உள்ள, விமானத்தை உருட்டும் எய்லரான்களை நடுநிலையில் வை, எதிர்ப்பக்கச் சுக்கானை முழுக்க மிதி, கோலை முன்னே தள்ளு. சுழற்சி நின்றதும் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து, மெதுவாக மூக்கை உயர்த்த வேண்டும். குறிப்பிட்ட விமானத்தின் கையேடு வேறு முறை சொன்னால் அதுவே இறுதி. ஜன்னல் முழுவதும் தரை நிறைந்து சுழலும்போது கோலை முன்னே தள்ளுவதற்கு மனம் எளிதில் இணங்காது. புத்தகத்தில் படித்தவருக்கும் செய்து பழகியவருக்கும் இடையிலான தூரம் அங்கேதான் தெரியும்.

அமெரிக்காவில் தனியார் விமானிகளுக்கான கட்டாய ஸ்பின் பயிற்சி 1949இல் நீக்கப்பட்டது. விமானப் பயிற்றுநர் ஆக விரும்புவோருக்கு மட்டும் இன்றும் உண்டு. ஆகவே உரிமம் பெற்ற பலர் ஒரு ஸ்பின்னைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஸ்டாலைத் தவிர்க்கக் கற்பிப்பதே மேல் என்ற வாதத்துக்கு வலுவுண்டு. பயிற்சியின்போதே நேர்ந்த ஸ்பின் விபத்துகள் குறைவல்ல. இருந்தாலும் விரும்பி வருபவருக்கு, தகுந்த விமானத்திலும் உயரத்திலும் இது தவறவிடக்கூடாத பாடம்.

தலைகீழான நிலையிலும் இதே கதைதான். பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச்சுழல் சிறு விமானத்தைக் கவிழ்த்துவிடலாம். அப்போது கோலை இழுத்தால் மூக்கு நேராகத் தரையை நோக்கும். வேகம் மீறக்கூடாத வரம்பைத் தாண்டக்கூடும். சற்றே முன்னே தள்ளி, எய்லரானால் உருட்டி நிமிர்ந்த பின்பே இழுக்க வேண்டும்.

விமானமும் விதிகளும்

சாதாரண வகை விமானங்களின் வடிவமைப்பு சுமார் 3.8 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 3.8 மடங்கு விசை வரை தாங்கும். வான்சாகச வகைக்கு நேர்த்திசையில் 6 ஜி, எதிர்த்திசையில் 3 ஜி என்பது மரபான அளவு. தொடக்கப் பயிற்சிக்குச் சிட்டாப்ரியா, சூப்பர் டெக்காத்லான், செஸ்னா 152 ஏரோபாட் ஆகியவை பொருத்தமானவை. 180 குதிரைத்திறன் கொண்ட சூப்பர் டெக்காத்லானில் தலைகீழ்ப் பறப்புக்கான எரிபொருள், எண்ணெய் அமைப்புகள் உண்டு. அதன் எதிர்த்திசை வரம்பு 5 ஜி. பிட்ஸ் எஸ்-2, எக்ஸ்ட்ரா 300 போன்றவை இன்னும் கூர்மையானவை. பெரும்பாலானவை வால்சக்கர விமானங்கள் என்பதால், தனியே ஓட்ட அதற்கான பயிற்றுநர் ஒப்புதலும் வேண்டும்.

கூட்டாட்சி விதிப்படி நெரிசலான குடியிருப்புகளுக்கோ திறந்தவெளிக் கூட்டங்களுக்கோ மேலேயும், தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழேயும், பார்வைத்தூரம் 3 மைலுக்குக் குறைந்தபோதும் வான்சாகசம் கூடாது. விமான நிலையங்களைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு வான்வெளிக்கும் வான்வழித் தடங்களுக்கும் தனித் தடைகள் உள்ளன. நல்ல பயிற்றுநர்கள் 1,500 அடியைவிட வெகு உயரத்திலேயே பாடம் எடுப்பார்கள். குழுவினர் அல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு 60 பாகைக்கு மேல் சாய்க்கவோ, மூக்கை 30 பாகைக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டுமானால் அனைவரும் பாராசூட் அணிய வேண்டும். சான்றிதழுக்கான ஸ்பின் பயிற்சி போன்றவற்றுக்கு விலக்குண்டு. செயற்கை இழைப் பாராசூட்டைத் தகுதிபெற்றவர் 180 நாளுக்குள் மடித்திருக்க வேண்டும். கதவைக் கழற்றி வெளியே குதிக்கும் வரிசையைத் தரையிலேயே ஒத்திகை பார்ப்பது வழக்கம். சட்டைப்பையில் கிடக்கும் பேனாவோ நாணயமோ கட்டுப்பாட்டுக் கம்பிகளில் சிக்கலாம் என்பதால் பைகளையும் காலிசெய்வார்கள்.

உடல்

நேர் ஜி விசையில் இரத்தம் தலையிலிருந்து கீழிறங்கும். முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை குறுகும், அதையும் தாண்டினால் நினைவு தப்பும். கால், வயிற்றுத் தசைகளை முன்கூட்டியே இறுக்கி, மூச்சைக் குறுகிய இடைவெளிகளில் எடுப்பதே காப்பு. எதிர் ஜியிலிருந்து உடனே நேர் ஜிக்கு மாறும்போது தாங்குதிறன் வெகுவாகக் குறையும். குமட்டல் அநேகமாக எல்லாருக்கும் வரும். உட்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாததே காரணம். முதல் அறிகுறியிலேயே பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு நேராகப் பறக்க வேண்டும். குறுகிய பாடங்களாக, அடுத்தடுத்த நாட்களில் பறந்தால் உடல் பழகிக்கொள்ளும். வீம்புக்குத் தாங்குபவர் ஒன்றையும் கற்பதில்லை.

பாடங்களின் வரிசை

செங்குத்தான திருப்பங்கள், ஸ்டால், ஸ்பின் என்று தொடங்கி, எய்லரான் ரோல், லூப், ஹேமர்ஹெட் (செங்குத்தாக ஏறி, உச்சியில் சுக்கானால் திரும்பி இறங்குவது), அரை கியூபன் எட்டு (லூப்பின் பெரும்பகுதியை முடித்து, இறங்கும்போது உருட்டி நிமிர்வது) என்று பாடம் விரியும். டெக்காத்லான் வகையில் ரோலுக்கு மணிக்குச் சுமார் 120 மைல், லூப்புக்குச் சுமார் 140 மைல் நுழைவு வேகம் தேவை. லூப்பின் உச்சியில் இழுவையைத் தளர்த்தினால்தான் வட்டம் வட்டமாக வரும். இழுத்துக்கொண்டே இருந்தால் வடிவம் கெடும், மேலே ஸ்டாலும் ஆகலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் கீழும் பக்கங்களும் காலியா என்று திரும்பிப் பார்ப்பது கட்டாயம்.

தொடர விரும்புவோருக்கு 1970இல் உருவான சர்வதேச வான்சாகசக் கழகத்தின் போட்டிகள் உள்ளன. ஸ்பெயின் விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்தி வகுத்த குறியீடுகளில் நகர்வுகளை வரைந்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பக்க அளவுள்ள கற்பனைப் பெட்டிக்குள் நிகழ்த்த வேண்டும். ஐந்து நிலைகளில் கடைநிலையான பிரைமரி பிரிவை, ஸ்பின், லூப், ரோல் மூன்றும் கைவந்தவர் சிட்டாப்ரியாவிலேயே எதிர்கொள்ளலாம்.