எண்ட்லெஸ் லவ்

எண்ட்லெஸ் லவ் என்பது அமெரிக்கப் பாடகர் லயனல் ரிச்சி எழுதி, மெட்டமைத்து, டயானா ராஸுடன் இணைந்து பாடி, மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக 1981இல் வெளிவந்த ஆங்கிலக் காதல் டூயட் ஆகும். தாளம் மெதுவாக நடக்க, உணர்ச்சி படிப்படியாக ஏறிச்செல்லும் பாப் பாடலை ‘பாலட்’ என்பர்; அவ்வகையில் இரு குரல்களுக்கென எழுதப்பட்டவற்றுள் இதற்கு நிகரானவை மிகச் சில.

ஸ்காட் ஸ்பென்சரின் நாவலைத் தழுவி, புரூக் ஷீல்ட்ஸ் நாயகியாக நடிக்க, பிராங்கோ செஃபிரெல்லி இயக்கிய அதே பெயர்கொண்ட படத்துக்காக இது உருவாயிற்று. இயக்குநர் முதலில் கேட்டது வெறும் கருவியிசையே. பிறகு அதற்கு வரிகள் வேண்டுமென்றும், அதன்பின் பெண் குரலும் வேண்டுமென்றும் கேட்டதால், தனி மெட்டாகத் தொடங்கியது டூயட்டாக வளர்ந்தது. அப்போது ராஸ் லேக் டாஹோவில் கச்சேரி செய்துகொண்டிருந்தார், ரிச்சியோ லாஸ் ஏஞ்சலிஸில் கென்னி ரோஜர்ஸின் பாடல்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆகவே நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில், ராஸின் கச்சேரி முடிந்தபின், நள்ளிரவு கடந்த வேளையில் ஒலிப்பதிவு நடந்தது.

பாடலின் தொடக்கத்தில் அவர் ஓர் அடி, இவர் ஓர் அடி எனத் தணிந்த குரலில் மாறிமாறிப் பாடுகின்றனர். ஒருவர் முடிக்கும் சொல்லை மற்றவர் பற்றிக்கொள்ள, இடைவெளி சிறிதுசிறிதாகக் குறைந்து, உச்சத்தில் இரு குரல்களும் ஒருசேர எழுகின்றன. ரிச்சியின் கரகரப்பு ராஸின் மென்குரலை எவ்விடத்திலும் அமுக்கிவிடாதது பாராட்டத்தக்கது. காதலர் இருவர் நெருங்கிவருவதைச் சொற்களுக்கு முன்பே பாடலின் அமைப்பு உணர்த்திவிடுகிறது.

வாராந்தரப் புகழ்வரிசையான பில்போர்ட் ஹாட் 100இல் 1981 ஆகஸ்டில் முதலிடம் பெற்று, ஒன்பது வாரங்கள் அங்கேயே நிலைத்தது; மோடவுன் பாடல் எதுவும் அதுவரை அத்தனை காலம் அவ்விடத்தில் இருந்ததில்லை. பிரிட்டனில் ஏழாம் இடம் வரை சென்றது. படத்தை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர். பாடலோ ஆஸ்கர், கிராமி ஆகிய இரு விருதுகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆஸ்கர் விருது ‘ஆர்தர்’ படப் பாடலுக்குப் போயிற்று.

இதே காலத்தில் ராஸ் மோடவுனை விட்டு ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறி, அங்கு வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பில் இதைத் தனிக்குரலில் மீண்டும் பாடினார். எதிர்க்குரல் இல்லாத அவ்வடிவம் மூலத்தின் நெருக்கத்தை எட்டவில்லை. லூதர் வான்ட்ராஸும் மரியா கேரியும் 1994இல் இதை மறுபடி டூயட்டாகவே பாட, அது ஹாட் 100இல் இரண்டாம் இடத்தைத் தொட்டது.