தாயின் இரத்தம் சொல்லும் செய்தி

கர்ப்பிணி ஒருத்தி நலமாக இருக்கிறாள். கண்ணில் மஞ்சள் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆயினும் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் ஒன்று அவள் இரத்தத்தில் குடியிருக்கலாம். அவளே அறியாமல், பிரசவத்தின்போது அது குழந்தையை அடையலாம். இந்த உண்மை வெளிப்பட்ட வரலாற்றைக் காண்போம்.

1960களில் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். அது மஞ்சட்காமாலை உண்டாக்கும் 'பி' வகைக் கல்லீரல் அழற்சி வைரஸின் மேலுறை என்பது பின்னர் விளங்கிற்று. வைரஸைத் தாங்கியிருப்போரை இரத்தப் பரிசோதனையால் அறிய இதனால் வழி பிறந்தது. பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

அக்காலத்தில் தைவான் தீவில் பெரியவர்களுள் 100க்கு 15 முதல் 20 பேர் இவ்வைரஸைத் தாங்கியிருந்தனர். காரணம் என்ன? அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லியின் குழுவினர், 1970களில் அங்குக் கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களுடைய குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தனர். வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் 'இ' ஆன்டிஜன் என்ற பொருளும் தாயிடம் இருந்தால், குழந்தைகளுள் மிகப் பலருக்குத் தொற்று ஏற்பட்டது. அது இல்லையெனில் ஆபத்து குறைவு.

பெரியவரைத் தொற்றினால் இவ்வைரஸ் பெரும்பாலும் நீங்கிவிடும். பிறக்கும்போதே தொற்றினாலோ, 10 குழந்தைகளில் 9 பேரிடம் நிலைத்துவிடும். இதன் விளைவு பல ஆண்டுகளுக்குப் பின் தெரியும். தைவானில் 22,707 ஆண்களைக் கவனித்த ஆய்வு 1981இல் வெளியாயிற்று. வைரஸைத் தாங்கியோருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது.

தடுக்க வழியுண்டா? பிறந்தவுடன் எதிர்ப்புப் புரத ஊசியும், அதனுடன் தடுப்பூசியும் அளித்துப் பார்த்தனர். 'இ' ஆன்டிஜன் உள்ள தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 88 பேரிடம் நிலைத்து வந்த வைரஸ், சுமார் 6 பேரிடம் மட்டுமே நிலைத்தது. 1983இல் இம்முடிவு வெளியாயிற்று.

மறு ஆண்டே தைவான் அரசு கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, வைரஸ் உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 1986இல் எல்லாக் குழந்தைகளுக்கும் அது விரிந்தது. பத்தாண்டுகளுக்குள் 6 முதல் 14 வயதுச் சிறுவரிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இன்று, வைரஸ் மிகுந்துள்ள தாய்மாருக்குக் கர்ப்பகாலத்திலேயே மருந்தும் தரப்படுகிறது. குழந்தைக்கு முதல் தடுப்பூசியைப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டும். ஊசிகள் முறையாகப் போடப்பட்டால் தாய்ப்பால் தருவதற்கும் தடையில்லை. ஆனால், எந்தக் குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்புத் தேவை என்பதைத் தாயின் முகம் சொல்லாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.