வண்ணத்தைக் கழித்த இரு விருந்துகள்

மாறுவேட விருந்துக்கு நிறம் குறிப்பது ஒரு கழித்தல் கணக்கு. ‘எல்லோரும் நீலத்தில் வாருங்கள்’ என்று அழைப்பிதழில் அச்சடித்த உடனே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்தக் கழித்தலை அதன் எல்லைவரை கொண்டுபோன விருந்துகள் இரண்டு. ஒன்று, 1930 கோடையில் பெச்சி-பிளண்ட் பிரபுவும் அவர் மனைவியும் பாரிஸில் தங்கள் மாளிகைத் தோட்டத்தில் நடத்திய வெள்ளை நடனம். மற்றது, 1966 நவம்பர் 28 அன்று நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி நடத்திய கறுப்பு வெள்ளை நடனம். முன்னதில் மிஞ்சியது ஒரு நிறம், பின்னதில் இரண்டு. அந்த ஒரு நிற வேறுபாடு எவ்வளவு தூரம் செல்கிறது என்பதையும், எங்கே செல்லாமல் போகிறது என்பதையும் சேர்ந்து பார்க்கலாம்.

முதலில் விதிகள். பாரிஸ் விதிக்கு ஒரு சொல் போதும்: வெள்ளை. அதற்குள் யாராக வேண்டுமானாலும் வரலாம். நியூயார்க் விதிக்கோ உட்பிரிவுகள் உண்டு. ஆண்களுக்குக் கறுப்பு விருந்துடை, கறுப்பு முகமூடி. பெண்களுக்குக் கறுப்பு அல்லது வெள்ளை உடை, வெள்ளை முகமூடி, கையில் ஒரு விசிறி. முன்னது நிறத்தை இறுக்கி வேடத்தைத் தளர்த்தியது. பின்னது நிறத்தைச் சற்றே தளர்த்தி வேடத்தை இறுக்கியது.

ஆகவே சுமையும் இடம் மாறி விழுந்தது. நியூயார்க் ஆண்மகனுக்குத் தேவையான கறுப்பு உடை அவன் அலமாரியில் ஏற்கெனவே தொங்கியது. முகமூடி மட்டும் வாங்கினால் போதும். உழைப்பெல்லாம் பெண்களுக்கும் அவர்களுடைய வடிவமைப்பாளர்களுக்கும்தான். ஹால்ஸ்டனும் அடோல்ஃபோவும் முகமூடி செய்து மாளவில்லை. பாரிஸில் நிலைமை தலைகீழ். வெண்பட்டு உடை அந்த வட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. கறுப்பே மாலை உடையாகிவிட்ட ஆண்களோ அன்றிரவு உண்மையிலேயே வேடம் பூண வேண்டியிருந்தது. அங்கே பணியாற்றச் சென்ற ஒளிப்படக் கலைஞர் மான் ரே டென்னிஸ் ஆட்டக்காரராகிச் சமாளித்தார். யார் முணுமுணுப்பார்கள் என்பதையும் சேர்த்தே நிறம் தேர்கிறது என்று கொண்டால், கபோட்டி கெட்டிக்காரர். பாதி விருந்தினரைச் செலவில்லாமல் தம் ஓவியத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

ஓவியம் என்றேன், திரைப்படம் என்பதே பொருத்தம். இரு விருந்துகளின் எதிர்பாராத உறவு இங்கேதான் தொடங்குகிறது. கபோட்டியின் கறுப்பு வெள்ளைக்கு மூலம், ‘மை ஃபேர் லேடி’யில் வரும் ஆஸ்கட் குதிரைப் பந்தயக் காட்சி. செசில் பீட்டன் 1956இல் மேடைக்கும் 1964இல் திரைக்கும் அதற்கு உடை வடிவமைத்தார். அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு துக்கமும் இருக்கிறது. 1910 மே மாதம் ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்தார். அடுத்த மாதம் நடந்த ஆஸ்கட் பந்தயத்துக்குச் சீமாட்டிகள் கறுப்பில் வந்தார்கள். ஆக, ஒரு மன்னருக்காக அணிந்த துக்க நிறம் மேடையேறி, திரையேறி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு நியூயார்க்கில் கேளிக்கையின் நிறமாக வந்து இறங்கியது.

கபோட்டி திரையிலிருந்து தம் விருந்தை எடுத்தார். மான் ரே விருந்தையே திரையாக்கினார். புதுமையாக ஏதாவது செய்து தரும்படி பெச்சி-பிளண்ட் தம்பதியர் அவரிடம் கேட்டிருந்தார்கள். தோட்டத்தில் வெள்ளை நடனத் தளம். அதன்மேல் வெள்ளை உடையில் சுழலும் மனிதர்கள். மான் ரே மாடி அறையில் ஒரு படவீழ்த்தியை வைத்து, சினிமா முன்னோடி ஜார்ஜ் மெலியே எடுத்த, கையால் வண்ணமிட்ட பழைய படமொன்றை அவர்கள்மேல் பாய்ச்சினார். படத்தின் உருவங்கள் ஆடுவோரின் முதுகிலும் தோளிலும் விழுந்து, வளைந்து, உடைந்து, அவர்களோடு சேர்ந்து சுழன்றன. அழைப்பிதழ் தடுத்து நிறுத்திய எல்லா வண்ணங்களும் ஒளியாகத் திரும்பி வந்து விருந்தினர்மேலேயே அமர்ந்தன. நிறத்தை விலக்கி வைப்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் அறியேன்.

அந்த வண்ணங்கள் வந்த வழியையும் நினைக்க வேண்டும். ஜார்ஜ் மெலியேயின் படங்களுக்குப் பாரிஸில் எலிசபெத் துய்யே அம்மையாரின் பணிக்கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, நுண்ணிய தூரிகையால் ஒவ்வொரு சட்டமாக வண்ணம் தீட்டினார்கள். ஒருவருக்கு ஒரு வண்ணம் என்பது அங்கே வழக்கம். பெயர் தெரியாத அவர்களின் கைவேலை, பல ஆண்டுகள் கழித்து, விலையுயர்ந்த வெள்ளை உடைகளுக்கு நிறம் ஏற்றியது.

நியூயார்க்கிலும் விலக்கிய வண்ணம் திரும்பி வந்தது. ஆனால் அது ஏறிய இடம் வேறு. பிளாசாவின் மேசைகளில் கபோட்டி சிவப்பு விரிப்புகளைப் போட்டிருந்தார். பாரிஸில் நிறம் உடல்களின்மேல் ஓடியது. நியூயார்க்கில் உடல்களுக்குப் பின்புலமாக நின்றது. முன்னதில் விருந்தினர் வெறும் பரப்பு. பின்னதில் அவர்கள் கோட்டோவியங்கள். சிவப்பின்முன் கறுப்பும் வெள்ளையும் இன்னும் கூர்மையாகத் தெரியும் என்று கணக்கிட்டே விரித்திருக்கிறார். ஆனால் பத்திரிகைகள் அச்சிட்டவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் அந்தச் சிவப்பு வெறும் சாம்பல். நள்ளிரவு உணவாகக் கோழி இறைச்சிக் கூட்டையும் மீட்பால் சேர்த்த ஸ்பகெட்டியையும் தேடி வந்தவர்கள்தான் அதை உள்ளபடி பார்த்திருப்பார்கள்.

முகத்தை என்ன செய்தார்கள் என்பது அடுத்த ஒப்புமை. கபோட்டி முகமூடியை விதித்தார். நள்ளிரவில் கழற்றலாம் என்றார். மறைப்பது நோக்கமென்றால் அது ஒரு கணம்கூட நிறைவேறவில்லை. வருகிறவர்களின் பெயர் வாசலிலேயே உரக்கச் சொல்லப்பட்டது. கபோட்டியும் சிறப்பு விருந்தினர் கேதரின் கிரகாமும் நின்று வரவேற்றார்கள். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் விருந்தினர் பட்டியலே வெளியானது. ஃபிராங்க் சினாட்ராவை எந்தக் கறுப்புத் துணி மறைக்கும்? பாரிஸிலோ மாடியிலிருந்து வந்த ஒளி முகங்களைச் சொல்லாமலே கலைத்தது. யார் தோளில் எந்த உருவம் விழுந்தது என்று ஆடுபவருக்கே தெரியாது. சற்று விலகி நின்று பார்த்தவருக்குத்தான் வேடிக்கை. முகமூடி போட்ட விருந்தில் எல்லோரும் அடையாளம் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள்; மற்றதிலோ வந்தவர்கள் ஒரு படத்தின் துண்டுகளாக மாறிப்போனார்கள்.

நினைவில் தங்கிய விதத்தில் உள்ள சமச்சீர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளை நடனத்தின் சூத்திரதாரி ஒரு ஒளிப்படக்காரர். ஆனால் ஒளி ஆடிய அந்தக் காட்சியை நாம் இன்று அறிவது பெரும்பாலும் அவர் 1963இல் வெளியிட்ட தன்வரலாற்றின் சொற்கள் வழியே. கறுப்பு வெள்ளை நடனத்தின் சூத்திரதாரி ஓர் எழுத்தாளர், அதுவும் அந்த ஆண்டுதான் ‘இன் கோல்ட் பிளட்’ நூலால் புகழின் உச்சியில் நின்றவர். ஆனால் தம் விருந்தைப் பற்றி அவர் நூல் எதுவும் எழுதவில்லை. எலியட் எர்விட் போன்றோரின் ஒளிப்படங்களில்தான் அது வாழ்கிறது. ஒளிப்படக்காரரின் இரவு எழுத்தாகவும் எழுத்தாளரின் இரவு ஒளிப்படமாகவும் மிஞ்சின. தற்செயல் என்று இதை முழுவதும் தள்ளிவிட முடியவில்லை. அரைஇருளில் அசைந்து கலையும் ஒளியை அன்றைய ஒளிப்படம் பிடிப்பது கடினம். கறுப்பு வெள்ளையையோ பத்திரிகை அச்சு ஒன்றும் குறையாமல் ஏற்றுக்கொள்ளும். கபோட்டி தேர்ந்த நிறங்கள் மறுநாள் செய்தித்தாளுக்கு ஏற்றவை. பாரிஸ் தேர்ந்த நிறம் அந்த இரவுக்கு மட்டுமே ஏற்றது.

இரண்டுமே நேரங்கெட்ட நேரத்தில் நடந்தவை என்ற குற்றச்சாட்டும் உண்டு. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து ஓராண்டு ஆவதற்குள் வெள்ளை நடனம். வியட்நாம் போர் நடுவே கறுப்பு வெள்ளை நடனம். பின்னதைப் போர்க் காட்சிகளோடு அடுத்தடுத்து வைத்து நியூயார்க் போஸ்டில் பீட் ஹாமில் கடுமையாக எழுதினார். குற்றச்சாட்டு நியாயமானதே. செலவை வைத்துப் பார்த்தால் மட்டும் சிறு வியப்பு காத்திருக்கிறது: சுமார் 540 பேரை அழைத்து, 450 புட்டி ஷாம்பெய்ன் வைத்த கபோட்டியின் விருந்துக்கு ஆனது ஏறத்தாழ 16,000 டாலர் என்பார்கள். அக்கால நியூயார்க் செல்வர் வீட்டு விருந்துகளில் இது பெருந்தொகை அல்ல. நிறக் கட்டுப்பாடு அலங்காரச் செலவை விருந்தினர் தலையில் இறக்கிவிடுகிறது; கூட்டமே தோரணம் ஆகிவிடுகிறது.

அந்தத் தலைகளிலும் தராதரம் குழம்பியது. பாரிஸில் மான் ரேயின் உதவியாளராக வேலைக்கு வந்த லீ மில்லர், புகழ்பெற்ற தையற்கலைஞர் மதலின் வியோனே வடிவமைத்த டென்னிஸ் உடையில் வந்தார். விருந்தினர் அவரைத் தொடர்ந்து நடனத்துக்கு அழைத்ததில் மான் ரே தனியாக ஒளிப்பட வேலையோடு மல்லுக்கட்டினார். நியூயார்க்கில் விருந்தளித்தவரே கூட்டத்தில் மலிவானவர்களுள் ஒருவர். கபோட்டியின் முகமூடி எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ட்ஸ் பொம்மைக் கடையில் 39 சென்ட்டுக்கு வாங்கியது. தியடோர் ரூஸ்வெல்ட்டின் மகள், 82 வயது ஆலிஸ் லாங்வொர்த், தம்முடையது 35 சென்ட்தான் என்று சொல்லி அவரையும் முந்தினார்.

பொம்மைக் கடை பாரிஸ் கதையிலும் வருகிறது. 1929 டிசம்பரில் சால் ப்ளேயெல் அரங்கில் மெலியேயைக் கொண்டாடினார்கள். ஆனால் தம் படம் சீமான்களின் முதுகில் ஓடிய 1930 கோடையிலும் அவர் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்துக் கடையில் பொம்மையும் மிட்டாயும் விற்றுத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவர் விடுபட இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.